ஓரத்தில் எழுதியது

நோட்டின் நடுவே ஒரு கோடு.
இடப்பக்கம் காற்றின் எண்,
காலை ஐந்தரைக்குக் கைபேசி சொல்வது.
வலப்பக்கம் நிமிடங்கள்:
கண் விழித்ததிலிருந்து
சட்டையின் முதல் பொத்தானை
விரல்கள் பிடிக்கும் வரை.

312. ஐம்பத்தைந்து.
280. ஐம்பது.
டிசம்பர் ஒன்பது, எண் இல்லை,
கருவியே கண்ணை மூடிக்கொண்டது.
எழுபது.

துலம்சுரேன்
உலான்பாத்தரில் டிராலிபஸ் ஓட்டுகிறாள்.
ஸ்டியரிங் பெரியது, சமாளித்துவிடலாம்.
பொத்தான்தான் சின்னது.
மோதிரத்தை மூன்று வருடம் முன்பே
டயர் கடைக்காரன் குறடால் வெட்டிக் கொடுத்தான்.
காசு வாங்கவில்லை.

திங்கள்தோறும் எட்டு மாத்திரை,
உடம்பின் காவலாளியைக்
கொஞ்சம் தூங்கவைக்க.
அவன் தூங்கினால் சளி வரும்.
விழித்தால் விரல்.

மலைச்சரிவில் அவள் கூடாரவீடு.
சுற்றிலும் பலகை வேலி,
அதற்கப்பால் இன்னொரு வேலி, அப்பாலும் வேலி.
வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லலாம் என்றால்
இங்கே பயிர் கிடையாது.
வேலிகள் மட்டும்.
வேலிக்கொரு புகைபோக்கி.

மருத்துவர் நர்மந்தாக்
நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.
"ஓர் ஆள், ஒரு குளிர்காலம்.
இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது."
பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
"ஆனால் எங்களில் சிலருக்கு ஒரு சந்தேகம்,
இது மூட்டில் தொடங்குவதில்லையோ என்று.
தூசு போய் உட்கார்ந்த நுரையீரலில்
காவலுக்கு நின்ற ஏதோ ஒன்று
சொந்த முகத்தைத் தப்பாகப் படித்துவிடுகிறது,
விரல் வீங்கப் பல வருடம் இருக்கும்போதே."
நிமிர்ந்தார்.
"வீட்டில் நீங்கள் எவ்வளவு எரிக்கிறீர்கள்?"

அந்தக் கேள்வி அன்று முழுக்க
பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது,
டிக்கெட் எடுக்காத பயணி போல.
கடைசி நிறுத்தத்திலும் இறங்கவில்லை.

இரவு மைனஸ் முப்பத்து நான்கு.
அடுப்பில் கரிக்கட்டிகளை அடுக்கிவிட்டு
வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.
அவளுடைய புகை
ஓர் ஆள் உயரம் நேராக எழுந்தது,
கொஞ்சம் யோசித்தது,
முதுகு வளைந்து
பக்கத்து வீட்டு செவெல்மாவின் கூரைமேல்
படுத்துக்கொண்டது.
உள்ளே கைக்குழந்தை இருமியது.
செவெல்மாவின் புகை அடுத்த வேலிக்குப் போனது,
யாருடையதோ இவள் வாசலுக்கு வந்தது.
எது யாருடையது என்று
பெயர் கேட்டுப் பிரிக்க முடியாது.

அடுப்பை அணைத்தால்
விடிவதற்குள் விறைத்துப்போவாள்.
இதை நிரூபிக்க நோட்டு வேண்டாம்.

கோடு எட்டாத ஓரத்தில்
சின்னதாக எழுதினாள்:
கரிக்கட்டி, பதினெட்டு.

ஜூலையில் அர்கான்கைக்கு, அக்கா வீட்டுக்கு.
ஆற்றங்கரையில் நின்று கைபேசியைப் பார்த்தாள்.
காற்றின் எண் ஆறு.
விரல்கள் ஆறவில்லை.
நாற்பது நிமிடம்.
மறுநாள் நாற்பத்தைந்து.
உடம்பு கற்றதை மறப்பதில்லை,
தப்பாகக் கற்றதை அறவே.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால்
கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
எவ்வளவு அழகாகப் பொருந்தும்.
கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.
கிழிக்கவில்லை.

அக்டோபர். முதல் பனி.
தீக்குச்சி விரலில் நிற்கவில்லை.
நான்கு விழுந்தன, ஐந்தாவது ஒடிந்தது.
வேலிப் பலகையைத் தட்டினாள்.
செவெல்மாவின் மூத்தவள் நொமுன்தாரி, ஒன்பது வயது,
மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து
ஒரே உரசலில் பற்றவைத்தாள்.

"இது என்ன கணக்கு?"
"எழுது. அங்கே இல்லை, ஓரத்தில். பதினொன்று."

நாக்கை நீட்டிக்கொண்டு எழுதினாள்.
அச்சுப் போன்ற கையெழுத்து.
பிஞ்சு விரல்கள் ஒவ்வொன்றும்
சொன்ன பேச்சைக் கேட்டன.